காலம் காப்பாற்றவில்லை

அன்புள்ள ஐயா,

சோவியத் காலத் தலைமறைவு இலக்கியம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுவிலைப் புத்தகங்களோடு வளர்ந்தவன் நான். ஒரு சந்தேகம். எவ்வளவு தடை போட்டாலும் நல்ல எழுத்தைக் காலம் எப்படியும் மீட்டுவிடும் அல்லவா? மாந்தெல்ஷ்டாம், அக்மதோவா போன்ற ரஷ்யக் கவிஞர்கள் எல்லோரும் இன்று படிக்கக் கிடைக்கிறார்களே.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. தப்பித்தவை மட்டுமே நம் கண்ணில் படுவதால் அப்படித் தோன்றுகிறது. சிறுகதை எழுத்தாளர் ஐசக் பாபெலை 1939 மே மாதம் கைதுசெய்தபோது கட்டுக்கட்டாக அள்ளிப்போன கையெழுத்துப்படிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கட்டுகளில் என்னென்ன கதைகள் இருந்தன என்று இனி யார் சொல்ல முடியும்?

நீங்கள் சொல்லும் மாந்தெல்ஷ்டாமையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாலினைப் பற்றிய ஒரு கவிதையை நெருங்கியவர்களிடம் சொல்லிக்காட்டியதற்காக 1934இல் கைதானவர், 1938 டிசம்பரில் விளாதிவொஸ்தோக் அருகே ஒரு இடைத்தங்கல் முகாமில் இறந்துபோனார். அவர் மனைவி நதேழ்தா, காகிதத்தை மட்டும் நம்ப முடியாது என்று கவிதைகளை மனப்பாடமாகவே வைத்துக்கொண்டு, ஊர் ஊராக அலைந்து, நூற்பாலையில் இரவு வேலைக்குப் போய், அங்கே இயந்திரங்களுக்கு நடுவில் நடந்தபடியே வரிகளை முணுமுணுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கவிதைகள் நமக்குக் கிடைப்பது அந்த அம்மாளால்தான்.

அக்மதோவா, ஸ்டாலின் கால அடக்குமுறையைப் பற்றிய தன் 'ரிக்வியம்' என்ற நெடுங்கவிதையின் வரிகளை வாய்விட்டுச் சொல்லவே பயந்தார், சுவருக்குக் காது இருந்த காலம். துண்டுத்தாளில் எழுதித் தோழி லிடியா சுகோவ்ஸ்கயாவிடம் நீட்டுவார், லிடியா படித்து மனதில் ஏற்றிக்கொண்டதும் அக்மதோவா தாளைச் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார். ஒட்டுக்கேட்பவர்களுக்காக மேலுக்குத் தேநீர், இலையுதிர்காலம் என்று ஏதாவது பேச்சு. அந்தக் கவிதை 1963இல் மியூனிக்கில் அச்சேறியது, சொந்த நாட்டில் 1987இல்தான்.

அப்புறம் வந்த சமிஸ்தாத் காலத்தில், அதாவது தடைசெய்த எழுத்தை ரகசியமாகத் தாங்களே பிரதி எடுத்துப் பரப்பிய காலத்தில், மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் வைத்து, ஒரே தடவையில் நாலைந்து பிரதி அடித்துக் கைமாற்றினார்கள். நாவலாசிரியர் வஸீலி கிராஸ்மன் வீட்டுக்கு 1961இல் வந்த சோவியத் உளவுப் போலீசான கேஜிபியின் ஆட்கள் நாவலோடு கார்பன் தாளையும் டைப்ரைட்டர் ரிப்பனையும்கூட எடுத்துப்போனார்கள் என்றால், எதைக் கண்டு பயந்தார்கள் பாருங்கள்.

இதில் என்னால் ஆற மாட்டாதது எலிசவேத்தா வொரோன்யான்ஸ்கயாவின் கதை. லெனின்கிராடில் எழுத்தாளர் சோல்ஜெனித்சினுக்கு டைப் அடித்துக்கொடுத்த வயதான பெண்மணி. சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றிய குலாக் நூலின் பிரதியை எரித்துவிடச் சொல்லியிருந்தார் சோல்ஜெனித்சின். எரித்துவிட்டேன் என்று எலிசவேத்தா சொன்னாரே தவிர, எரிக்க மனம் வரவில்லை. 1973 ஆகஸ்டில் கேஜிபி அவரை நாள்கணக்கில் விசாரித்து, பிரதி இருக்கும் இடத்தைச் சொல்ல வைத்தது. கொஞ்ச நாளில் தூக்கில் இறந்து கிடந்தார். அந்த டிசம்பரிலேயே பாரிஸில் நூல் வந்தது. சோல்ஜெனித்சினைத் தெரிந்த நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? நூலாசிரியரின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் இது.

முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள் எனக்கும் பிரியமானவைதான். ஆனால் அவை அரசு அனுமதித்து அனுப்பிய அலமாரி. மற்ற அலமாரியின், அதாவது தடைசெய்யப்பட்ட எழுத்தின், பிரதிகள் இன்று ஜெர்மனியில் பிரெமன் பல்கலைக்கழகத்திலும் புடாபெஸ்ட்டிலும் பத்திரமாக இருக்கின்றன. மாஸ்கோவில் சோவியத் அடக்குமுறையின் ஆவணங்களைத் திரட்டிக் காத்துவந்த மெமோரியல் அமைப்பைக் கலைக்கச் சொல்லி 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. அதனால் இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை.

நதேழ்தா எழுதிய நினைவுக்குறிப்புகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. கவிதைகளுக்கு முன் அதைப் படியுங்கள்.