கேளுங்கள்: எடுத்து வைத்த தாய்ப்பால்

கேள்வி: நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். ஐந்து மாதப் பிள்ளையை மாமிதான் பார்க்கிறா. நான் எடுத்து வைக்கும் பாலைப் பசுப்பால் மாதிரிப் பொங்கக் காய்ச்சித்தான் கொடுக்கவேணும் என்கிறா. சரியா? எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பதில்: காய்ச்ச வேண்டாம். பசுப்பாலைக் காய்ச்சுவது கறந்து கைமாறி வரும் வழியில் சேரும் கிருமிகளுக்காக. உங்கள் பாலைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருட்கள்தான் சிதையும்.

போத்தலை மூடி நனையாதபடி வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் ஐந்து, பத்து நிமிடம் வைத்தால் போதும். மேலே ஆடை போலக் கொழுப்பு ஒதுங்கி நிற்கும். அதைக் கண்டு மாமி பால் திரைந்துவிட்டது என்று ஊற்றிவிடப் போகிறா, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். ஒரு துளியை மணிக்கட்டின் உட்பக்கம் விட்டுப் பாருங்கள், சுடவே கூடாது. மைக்ரோவேவ் வேண்டாம். போத்தல் வெளியே ஆறியிருக்க, உள்ளே பால் இடத்துக்கிடம் கொதித்திருக்கும். பிள்ளையின் வாய் வெந்துவிடும்.

வெளியே 4 மணித்தியாலம் என்ற கணக்கு 25 பாகை வரைக்கும்தான். கச்சான் காற்று வீசும் நாளில் நம்மூரில் அந்தக் குளிர்மைக்கு எங்கே போவது? எடுத்த கையோடு பிரிட்ஜில் வையுங்கள், கதவில் அல்ல, உட்பக்கம் பின்னால். 4 பாகையில் 4 நாள் இருக்கும். வேலையிடத்தில் எடுப்பதை, உறைந்த ஐஸ் பொதிகளோடு மூடிய பெட்டியில் 24 மணித்தியாலம் வரை வைக்கலாம். மீன் வந்த றெஜிபோம் பெட்டியைக் கழுவிப் பாவிக்க நினைக்காதீர்கள்.

அளவுக்கு, நீங்கள் வெளியே நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 30 மில்லிலீற்றர் என்று எண்ணுங்கள். ஒன்பது மணித்தியாலத்துக்கு 270. அதை 60, 60 ஆகப் பிரித்து வையுங்கள். பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை 2 மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்கவேணும், இல்லாவிட்டால் ஊற்றத்தான் வேண்டும். பெரிய போத்தலில் வைத்து ஊற்றும்போது வயிறு எரியும். கோப்பையால் பருக்கினால் போத்தல் சூப்பியின் தொல்லையும் இல்லை.

கேள்வி: கரண்ட் போனால் உறைய வைத்த பால் என்னாகும்?

பதில்: பிரிட்ஜின் உறைபெட்டியைத் திறக்காதீர்கள். பாலில் ஐஸ் துகள் இன்னும் தெரிந்தால் திரும்ப உறைய விடலாம். முழுக்க இளகிவிட்டால் பிரிட்ஜில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். மறுபடி உறைய வைக்கவே கூடாது. ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் உள்ளே இருக்கும் உறைபெட்டியில் 2 வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உறைபெட்டிக்குத் தனிக்கதவு உள்ளதில் 3 மாதம். உறையும்போது பால் விரியும், அதனால் போத்தலை விளிம்புவரை நிரப்பவேண்டாம்.

கேள்வி: உறைய வைத்த பால் சவர்க்காரம் மாதிரி மணக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. லிப்பேஸ் என்ற நொதியம் கொழுப்பை உடைப்பதால் வரும் மணம் அது. சில தாய்மாரின் பாலில் கூடுதலாக இருக்கும். பிள்ளை குடித்தால் கொடுங்கள். முகத்தைத் திருப்பினால், இனி எடுக்கும் பாலை மட்டும் சட்டியில் விளிம்பில் சின்னக் குமிழிகள் வரும்வரை சூடாக்கி, பொங்குமுன் இறக்கி, உடனே குளிர்தண்ணீரில் ஆறவைத்து உறைய விடுங்கள். பழைய பாலுக்கு இது உதவாது. புளித்த மணம் வேறு, அதை ஊற்றிவிடுங்கள்.