கண்ணாடிக்குப் போன இடத்தில் சர்க்கரை 218

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரு மாதமாகத் தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு தெரியவில்லை என்றதால், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு அழைத்துப்போனேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை 218 என்றார்கள். இத்தனைக்கும் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடியும் எழுதித் தரவில்லை. ‘முதலில் சர்க்கரையைப் பாருங்கள்’ என்று சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இப்போதெல்லாம் படிக்கக்கூடக் கண்ணாடி தேடுவதில்லை, பேப்பரை வெறும் கண்ணால் படிக்கிறார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவார், அது வயசுக்கு உள்ளதுதானே? கண் பார்க்கிறவர்கள் சர்க்கரையை ஏன் பார்க்கிறார்கள்? நம்பலாமா?

பதில்: நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் ஒரே மாதத்தில் அது இல்லாமல் பேப்பர் படிக்கிறார், அதே மாதத்தில் தூரப் பார்வை மங்குகிறது என்றால் கண் நன்றாகிவிட்டதாக அர்த்தமில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை இழுத்து உப்புகிறது. கிட்டத்தில் இருப்பது தெளிவாகி, தூரத்தில் இருப்பது மங்கும். கண்புரை தொடங்கும்போதும் இதே வேடிக்கை நடப்பதுண்டு. ஆனால் அது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல நடக்கும்.

கண்ணாடி எழுதித் தராததற்கும் இதுதான் காரணம். இன்றைய பவருக்குக் கண்ணாடி போட்டால், மருந்து ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கும்போது லென்ஸ் மறுபடி மாறும். புதுக் கண்ணாடி பெட்டிக்குள் போய்விடும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து நாலைந்து வாரம் கழித்துப் பவர் பார்ப்பதுதான் சரி. முகாமில் இருந்தவர் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

கண் முகாமில் எதற்குச் சர்க்கரை என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பில் நோவு இல்லாதவர் டாக்டரிடம் போவதில்லை. சர்க்கரையோ பல வருடம் நோவே கொடுக்காது. ஆனால் நாற்பதைத் தாண்டிய யாரும் கண்ணாடிக்காக ஒரு நாள் வந்தே தீரவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இவர்களில் தனக்கு அது இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். அவர்கள் தாமாக வந்து உட்காரும் ஒரே நாற்காலி பல சமயம் கண் பார்க்கும் எங்களுடையதுதான். கண்புரை அறுவைக்கு முன் சர்க்கரை பார்ப்பது பழைய வழக்கம். கண்ணாடிக்கு வருகிறவர்களுக்கும் பார்ப்பது அதன் நீட்சி.

இனி அந்த 218-க்கு வருவோம். விரல் குத்திப் பார்ப்பது தீர்ப்பு அல்ல. சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் பார்க்காமல் எடுக்கும் இந்தச் சோதனையில் 140-ஐத் தாண்டினாலே மேற்கொண்டு பார்க்கச் சொல்வோம். வாழைப்பழம் உரித்த விரலை, இனிப்புத் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். மூட்டு வலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தாலும் ஏறும். அப்பா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆனால் 200-க்கு மேல் சர்க்கரை, கூடவே இரவில் எழுந்து எழுந்து போவது, இப்படி மாறும் பார்வை, மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்போது நான் விரலைக் குறை சொல்லமாட்டேன். வயசுக்கு உள்ளது என்று நீங்கள் விட்டுவிட்டது சர்க்கரையின் வேலையாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது: இந்த வாரமே காலையில் 8 மணி நேரமாவது வெறும் வயிற்றோடு, காபிகூடக் குடிக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ போய், கை நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5-ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி ஏமாற்றும். அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். முடிவு எல்லைக்கோட்டில் நின்றால் டாக்டர் இன்னொரு நாள் திரும்பப் பார்ப்பார்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. ‘டெஸ்ட் நல்லா வரணும்’ என்று இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, வெந்தயம் ஊறவைத்துக் குடித்து, பக்கத்து வீட்டு மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொண்டு போவார்கள். முந்தின நாள் வரை எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடட்டும்; சோதனையன்று காலையில் மட்டும் வெறும் வயிறு. இது பரீட்சை இல்லை.

முகாமில் கண்டுபிடிப்பது சுலபம். சீட்டை வாங்கிய ஆள் அந்த இரண்டாவது சோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் எங்களுக்குத் தலைவலி. சட்டைப்பையில் போட்ட சீட்டு துவைக்கும்போது கரைந்து போகும். அடுத்த முறை அவர் வருவது விழித்திரையில் ரத்தம் கசிந்த பிறகு. கடையை விட்டு வர முடியாது என்று அப்பா தட்டிக்கழித்தால் ஒன்று சொல்லுங்கள்: நோய் உறுதியான பிறகு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முதல் சோதனைக்கு மட்டும் அவர் எழுந்து போனால் போதும்.

உறுதியானால் உடனே விழித்திரைப் பரிசோதனை வேண்டும். நோய் தெரியவரும் நாளிலேயே சிலருக்கு விழித்திரை கெட்டிருக்கும், பார்வை மட்டும் குறைந்திருக்காது. சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதால் சில மணி நேரம் கண் கூசும்; அப்பாவை வண்டி ஓட்ட விடாதீர்கள். விழித்திரை நன்றாக இருக்கிறது என்று வந்தால், சர்க்கரையே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடம் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினர் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு. வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்கு இருக்கிறதா என்ற நான்கே கேள்விகள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். அப்பாவுக்கு உறுதியானால் நான்காவது கேள்வியில் உங்களுக்கு 10 மதிப்பெண் ஏறிவிடும். அவரைக் கூட்டிப்போகும் காலையில் நீங்களும் வெறும் வயிற்றோடு போங்கள்.