வார்டு மெம்பரிடம் சொன்னால் வேலை நடக்குமா?

கேள்வி: கிராமத்தில் குடிநீர், தெருவிளக்கு மாதிரி பிரச்சினைகளை வார்டு உறுப்பினரிடம் சொல்வதால் பயன் உண்டா? அவருக்கு என்னதான் அதிகாரம்?

2019 டிசம்பர் தேர்தலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் வார்டு மெம்பராக ஜெயித்தேன். 2025 ஜனவரி 5 வரை பதவியில் இருந்தேன். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. ஓட்டுப் போட்டது எனக்கு, டீக்கடையில் மெம்பர் என்று கூப்பிட்டது என் வீட்டுக்காரரை. அதை எழுதினால் இந்தப் பதில் முடியாது, விட்டுவிடுகிறேன்.

பயன் உண்டு. ஆனால் மெம்பரிடம் பணம் கிடையாது. ஊராட்சிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதென்றாலும் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துணைத் தலைவரை மெம்பர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஒரு வாரம் மட்டும் எங்களைத் தேடி வீட்டுக்கு வராத ஆளே இல்லை. அது முடிந்ததும் மெம்பரின் கையில் மிஞ்சுவது ஊராட்சிக் கூட்டத்தில் பேசும் வாய்ப்பும் தீர்மான நோட்டும்தான். உங்கள் குறை அந்த நோட்டில் ஏறினால் அதற்கு உயிர் இருக்கிறது. தெருமுனையில் நின்று "பாத்துக்கிறேன்க்கா" என்று மெம்பர் சொன்னதோடு நின்றால் இல்லை.

என் வார்டில் வடக்குத் தெரு மேட்டில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கும், காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்து சேரும், ஆனால் அந்தத் தெருக் குழாயில் மட்டும் காற்றுதான் வரும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலும் இதே புகார்தான். எல்லோரும் கேட்டது "புதுத் தொட்டி கட்டிக் கொடுங்க". காலையில் போய் நின்று பார்த்தால்தான் விஷயம் புரிந்தது. எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். பள்ளத்துத் தெருக்களில் பல வீடுகளில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். பிறகு மேட்டுக்கு எப்படி ஏறும்?

மோட்டார் வைத்த இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தால் வழிமொழிய ஒருவர் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மோட்டார் இருந்த வீடுகளில் சில, கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுடையவை. ஆகவே அதைத் தொடவில்லை. வடக்குத் தெருவுக்குத் தனி கேட் வால்வு, காலையில் முதலில் அதை மட்டும் திறப்பது, அது நிறைந்த பிறகு மற்ற தெருக்கள் என்று கேட்டேன். யாருக்கும் நஷ்டமில்லாததால் நிறைவேறியது. தொட்டி ஆபரேட்டர் அண்ணன், "மேடும்மா அது, ஏறாது" என்றார். "முதல்ல அத மட்டும் தொறங்கண்ணே, ஏறுதான்னு பாப்போம்" என்றேன். ஏறியது. மோட்டார்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அதற்கு நான் பெருமைப்பட முடியாது, ஆனால் அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு கீழே இறங்குவது குறைந்தது.

தீர்மானத்தின் வாசகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். "குடிநீர்ப் பிரச்சினைக்கு உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று கிளார்க் எழுதிவிடுவார். அழகாக இருக்கும், எதற்கும் உதவாது. எந்தத் தெரு, என்ன வேலை, உத்தேசச் செலவு எவ்வளவு, எந்த நிதி, எப்போதைக்குள் என்பது இருக்க வேண்டும். நிதியின் பெயர் முக்கியம். மத்திய அரசிடமிருந்து வந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் (2021-26) 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க முடிந்தது. அந்தப் பங்கில் போய்ச் சிமெண்ட் சாலை கேட்டால் யூனியன் ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வால்வும் பைப்லைனும் கேட்டால் மறுக்க வழியில்லை. நான் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் வாசகத்தை எழுதிக்கொண்டு போவேன், அதைப் பார்த்து எழுதுங்கள் என்பேன். கிளார்க்குக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு வேலை குறைகிறது என்று பழகிக்கொண்டார்.

இன்னொன்று, குறை யாருடையது என்று தெரியாமல் மெம்பரைத் திட்டுவது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி. கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியம். சாலையில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று மூன்று, ஒரே ஊருக்குள் மூன்றும் வரும். கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனமாகும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் போனால் பொதுப்பணித் துறை, அதாவது இப்போதைய நீர்வளத் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். பஸ் நிற்காமல் போனால் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர். என் பதவிக் காலத்தில் பாதி நேரம், வந்த மனுவை எந்த வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. நல்ல மெம்பருக்கும் சும்மா இருக்கும் மெம்பருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான்.

ஒன்றியக் கவுன்சிலர் வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதீர்கள். நாங்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கிறோம், அவர் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார், பச்சை வாக்குச்சீட்டு. ஒன்றியச் சாலை, ஒன்றியக் கண்மாய் என்றால் அவரைப் பிடியுங்கள். அவர் ஆளுங்கட்சியா இல்லையா என்பதைப் பொறுத்து வேகம் மாறும் என்பது நீங்களும் அறிந்ததே.

மெம்பர் அசையவில்லை என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது, பிறகு மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாகிவிட்டது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது குறைந்தது வந்திருக்க வேண்டிய ஆட்கள், 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் 100 நாள் வேலைக்காரர்களை அழைத்து உட்கார வைக்கிறார்கள், தீர்மானத்தை வாசிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கடைசிவரை உட்காருங்கள். உங்கள் தெருவிலிருந்து பத்துப் பேராவது ஒன்றாக வாருங்கள், ஒரே கோரிக்கையோடு. ஆளுக்கொன்று பேசினால் "கோரிக்கைகள் பெறப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வெற்று நோட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள். தீர்மானத்தின் நகல் தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எங்களைப் போல 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் எங்கள் காலம் முடிந்து, எங்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2021-ல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களின் கணக்கு வேறு. தனி அலுவலரின் கையில் ஏகப்பட்ட ஊராட்சிகள், உங்கள் வடக்குத் தெரு எது என்று அவருக்குத் தெரியாது. பழைய தீர்மானம் இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் மனுவின் முதல் வரியிலேயே எழுதிக் கொடுங்கள். நோட்டு ஊராட்சி அலுவலகத்தில்தான் இருக்கும், கிளார்க்கிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போவதென்றாலும் அந்தத் தீர்மான நகலோடு போங்கள்.