வயல் இல்லாத வீட்டில் வாரங்களின் பண்டிகை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்பாசமுத்திரத்துக்கு அருகே எங்கள் தாத்தா பயிர் செய்தபோது, பிசான நெல் அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைத்த பிறகுதான் மற்றக் கட்டுகளைக் களத்தில் அடிக்க விடுவார். அந்த நிலத்தை விற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. நானும் என் கணவரும் மாதச் சம்பளத்தில் வாழ்கிறோம். குடும்ப ஜெபத்தில் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் வாரங்களின் பண்டிகையைப் பற்றி வாசித்தபோது, "நமக்கு வயலே இல்லையே, நாம் எதை அறுத்து இந்தப் பண்டிகையைக் கொண்டாடுவது?" என்று பத்து வயது மகள் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
– ஒரு வாசகி, கே.டி.சி. நகர், பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, உங்கள் மகளின் கேள்விக்குரிய பதில் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவை ஒட்டி வாற்கோதுமை அறுப்பு தொடங்கும்போது, வயலிலிருந்து அறுத்த கதிர்க்கட்டை ஆசாரியன் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டினான். அங்கிருந்து ஏழு வாரங்களை எண்ணி ஐம்பதாம் நாளில், அதாவது கோதுமை அறுப்பின் காலத்தில், ஜனங்கள் கொண்டுவர வேண்டியிருந்தவை மெல்லிய மாவில் புளிப்பாகச் சுட்ட இரண்டு அப்பங்கள். அவற்றை "உங்கள் வாசஸ்தலங்களிலிருந்து" கொண்டுவரும்படி வேதம் கூறுகிறது. முதற்காணிக்கை வயலிலிருந்து வந்தது; ஐம்பதாம் நாளின் காணிக்கை அடுக்களையிலிருந்து வந்தது. அடுக்களை உங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லுங்கள்.

பஸ்காவில் புளிப்பில்லாத அப்பத்தைக் கேட்ட தேவன், இந்தப் பண்டிகையில் அன்றாடம் வீட்டில் உண்ணும் புளித்த அப்பத்தையே கேட்டார் என்பது என் மனத்தை எப்போதும் தொடுகிறது. ஆகையால் அன்றைக்கென்று கோதுமை ரொட்டியைக் கடையில் தேடி வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டில் இரவெல்லாம் புளித்துப் பொங்கும் இட்லி மாவும் ஆப்ப மாவும் போதும்.

நாள்களை எண்ணுவதற்கு நம் ஊர்த் தாய்மார் அறிந்த வழி ஒன்று உண்டு. என் தாயார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார், அது கோயிலுக்குரியது. உயிர்த்தெழுந்த திருநாளிலிருந்து, அந்த ஐம்பதாம் நாளாக நாம் ஆசரிக்கும் பெந்தெகொஸ்தே வரை நாளுக்கு ஒரு கைப்பிடியை உங்கள் மகள் தன் கையால் போடட்டும். 2026-ஆம் ஆண்டில் ஏப்ரல் 5 முதல் மே 24 வரை எண்ணினால் சரியாக ஐம்பது நாள்கள் வரும். ஒரு கைப்பிடியை ஏறக்குறைய 50 கிராம் என்று கொண்டால், முடிவில் இரண்டரைக் கிலோ அரிசி சேர்ந்திருக்கும். ஐம்பது நாள் என்பது எவ்வளவு நீளம் என்பதைக் குழந்தை அந்தக் கலயத்தைப் பார்த்தே அறிந்துகொள்வாள்.

அந்த அரிசியை யாரோடு உண்பது என்பதே இந்தப் பண்டிகையின் இருதயம் என்று நான் கருதுகிறேன். உபாகமம் 16-ஆம் அதிகாரம் உடன் மகிழ வேண்டியவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஆலய ஊழியனான லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. பரதேசி என்ற சொல்லை இன்று நாம் வசையாக்கிவிட்டோம்; வேதத்தில் அது நம்மிடையே வந்து தங்கியிருக்கும் வெளியூராரைக் குறிக்கும் மரியாதையான சொல். உங்கள் குடியிருப்பில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவும், வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியும், பக்கத்துக் கட்டடத்தில் சாந்து சுமக்கும் வடநாட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுங்கள். யூதர்கள் இந்தப் பண்டிகையில் ரூத்தின் சரித்திரத்தை வாசிக்கிறார்கள். அதில் வயலின் சொந்தக்காரனான போவாஸ், மோவாபிலிருந்து வந்த ஏழைப் பெண்ணான ரூத் பொறுக்கிக்கொள்ளும்படி கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னதோடு, அவளைச் சாப்பாட்டு வேளையில் அழைத்து அறுக்கிறவர்களின் அருகே உட்காரவைத்தான்.

வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிட வேண்டும் என்ற கட்டளையும், லேவியராகமம் 23-இல், இந்தப் பண்டிகையின் விதியை அடுத்தே வருகிறது. சம்பளத்துக்கும் ஓரம் உண்டு. உங்களுக்கு இன்கிரிமென்ட் கிடைக்கும் ஆண்டில், உயர்ந்த தொகையின் முதல் மாதப் பங்கை அவ்வாறு விட்டுவையுங்கள். எவ்வளவு என்று வேதம் தொகை குறிக்கவில்லை. தேவன் தந்த ஆசீர்வாதத்துக்குத் தக்கதாக என்றே சொல்கிறது.

முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன், தன் முன்னோர் திக்கற்று அலைந்ததையும் எகிப்தில் ஒடுக்கப்பட்டதையும் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று உபாகமம் 26 கூறுகிறது. நீங்களும் அன்று பந்தியில், தாத்தாவின் வயலையும், அது ஏன் விற்கப்பட்டது என்பதையும், நீங்கள் நகரத்துக்கு வந்த பாட்டையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் நடக்கும் அசனப் பண்டிகையும் அறுப்பின் பண்டிகையும் வேதத்திலுள்ள வாரங்களின் பண்டிகைதானா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: நேர்வழியில் வந்தவை அல்ல, ஐயா. சபைகளில் இன்று வழங்கும் அறுப்பின் பண்டிகை, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் 1843-இல் நடத்திய ஸ்தோத்திர ஆராதனையிலிருந்து பரவியதாகக் கருதப்படுகிறது. அசனமோ, ஒரே பந்தியில் எல்லாரும் அமர்ந்து உண்ணும் நம் நாட்டு விருந்து. ஆனாலும் உபாகமம் சொல்லும் பந்திக்கு நம் மாவட்டத்தில் மிக நெருங்கியது அசனமே என்பேன். எந்தத் தெருவைச் சேர்ந்தவரானாலும் ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும்வரை மட்டுமே அது அப்படி இருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். பெந்தெகொஸ்தே மே 10-க்கும் ஜூன் 13-க்கும் இடையே வரும். அப்போது தாமிரபரணிப் பாசன வயல்களில் பிசானம் அறுத்து முடிந்திருக்கும். அடுத்த பருவமான கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையின் தண்ணீரை எதிர்பார்த்துத் தாள் மட்டும் நிற்கும். உங்கள் தேரிக்காட்டுப் பக்கத்திலோ அது பதநீர் இறங்கும் பருவம். நெல்லுக்குக் காத்திராமல், பனையேறும் குடும்பங்கள் காய்ச்சிய கருப்பட்டியை அன்று பீடத்தின் முன் வைப்பது பொருத்தமான முதற்பலன்.

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர். வாரங்களின் பண்டிகை நாளில் வேலை செய்யலாகாது என்று கட்டளை இருக்க, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எனக்கு இரவுப் பணி விழுகிறது. இந்தப் பண்டிகையை ஆசரிக்காதவர்கள் கீழ்ப்படியாதவர்கள் என்று ஒரு சகோதரர் கடிந்துகொண்டார்.
– ஒரு வாசகி, திருநெல்வேலி நகரம்

பதில்: பண்டிகை நாளைக்குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய கொலோசெயர் 2:16 கூறுகிறது. அதே பவுல், பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் இருக்க விரும்பித் தீவிரமாய்ப் பயணம் செய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 20:16-இல் வாசிக்கிறோம். அவர் ஆசையோடு ஆசரித்தார். பிறர்மேல் அதைச் சுமத்தவில்லை. ஐம்பது நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே அக்காலத்து யூத சமயப் பிரிவினரான பரிசேயரும் சதுசேயரும் மாறுபட்டிருந்தார்கள் என்பதை அந்தச் சகோதரருக்கு அன்போடு நினைவூட்டுங்கள்.

நோயாளியை விட்டு வர வேண்டாம், மகளே. திங்கட்கிழமை காலையில் பணி முடிந்து வரும்போது, உங்களோடு இரவு விழித்திருந்த துப்புரவுப் பணியாளரையும் வீட்டுக்கு அழைத்துவாருங்கள். ஆப்பம் சுடும்வரை அவர் காத்திருப்பார்.