பகல்வீடும் ‘ஃபண்ட் இல்லை’ என்ற பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முதியோர் பகலில் வந்து தங்கும் எங்கள் பஞ்சாயத்துப் பகல்வீட்டுக்குத் தினமும் இருபது பெரியவர்கள்வரை வந்துகொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு, சாயங்காலம் டீ, வாரம் ஒருநாள் பிரஷர் பார்ப்பது எல்லாம் நடந்தது. பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விட்ட வீடுகள்தான் இங்கே அதிகம். ஏப்ரலில் இருந்து சாப்பாடு நின்றுவிட்டது. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்க மாதாமாதம் வீட்டுக்கு வந்த பாலியேட்டிவ் நர்ஸ் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். கேட்டால் மெம்பர் ‘ஃபண்ட் இல்லை’ என்கிறார். முந்நூறு கையெழுத்து வாங்கி முதலமைச்சருக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். சரிதானா?

ஒரு வாசகர், சித்தூர் வட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

மனுவை அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அது திருவனந்தபுரம் போய், ‘அறிக்கை தருக’ என்ற குறிப்போடு உங்கள் பஞ்சாயத்து செக்ரட்டரியின் மேஜைக்கே திரும்பி வரும். ஆகவே அந்த மேஜையில் உங்கள் பகல்வீட்டின் கோப்பு எந்த நிலையில் கிடக்கிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘ஃபண்ட் இல்லை’ என்று மெம்பர் சொல்வது நான்கில் ஒன்றாக இருக்கலாம். இந்த ஆண்டுத் திட்டத்தில் பகல்வீடு சேர்க்கப்படவே இல்லை. அல்லது சேர்த்தாயிற்று, மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல் வரவில்லை. அல்லது ஒப்புதல் வந்தும் அரசு தர வேண்டிய தவணை வரவில்லை. அல்லது எல்லாம் வந்து, பில் ட்ரஷரியில், அதாவது அரசுக் கருவூலத்தில், வரிசையில் நிற்கிறது. கடைசி இரண்டுக்கும் உங்கள் மெம்பரைத் திட்டிப் பயனில்லை, எம்.எல்.ஏ.வைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவதற்கு மாவட்டத் திட்ட அலுவலகம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் சந்தேகம். சாப்பாடு ஏப்ரலில் சொல்லிவைத்ததுபோல நின்றிருக்கிறது. மார்ச் 31-ஓடு முடிந்த திட்டத்தைப் புதிய ஆண்டில் யாரும் மறுபடி எழுதவில்லை என்றால் இப்படித்தான் நடக்கும்.

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பகல்வீட்டுக் கட்டடம் ஒருமுறை கட்டினால் நிற்கும். உள்ளே நடக்கும் சாப்பாடும் சம்பளமும் ஆண்டுதோறும் புதுத் திட்டமாக எழுதப்பட்டு, எண் வாங்கி, ஒப்புதல் பெற வேண்டியவை. முதியோர் சேவையை நிறுத்தச் சொல்லி எந்த அரசும் உத்தரவு போடுவதில்லை. எழுதாமல் விட்டாலே போதும், நின்றுவிடும். சாலைக்குக் கேட்க ஒப்பந்தக்காரர் இருக்கிறார். கஞ்சிக்குக் கேட்க யாரும் போவதில்லை.

பஞ்சாயத்து ஆபீஸில் திட்டப் பிரிவு கிளார்க்கிடம் போய், பகல்வீட்டுக்கும் பாலியேட்டிவுக்கும் இந்த ஆண்டின் திட்ட எண் என்ன, நிர்வகண அதிகாரி, அதாவது திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்புள்ள அதிகாரி, யார் என்று கேளுங்கள். பகல்வீட்டுக்குப் பெரும்பாலும் ஐசிடிஎஸ் (அங்கன்வாடித் திட்டம்) சூப்பர்வைசரும் பாலியேட்டிவுக்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் இருப்பார்கள். எண் இருந்தால், பஞ்சாயத்துத் திட்டங்களைப் பதியும் ‘சுலேகா’ மென்பொருளில் ஒதுக்கீடும் செலவும் தெரியும். வாய்வார்த்தையாகச் சொல்ல மறுத்தால் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் பகல்வீடு, பாலியேட்டிவ் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, திருப்பப்பட்ட தொகை, திட்ட எண்ணோடு’ என்று கேளுங்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு, கோப்பில் காரணம் எழுதப்படவில்லை என்று தட்டிக்கழிப்பது சுலபம்.

பஞ்சாயத்துக்கு மொத்தம் எவ்வளவு வருகிறது என்பதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. மாநில பட்ஜெட்டோடு நான்காம் அனுபந்தம் என்று ஒரு தனிப் புத்தகம் வரும். கேரளத்தின் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் திட்டப்பணம், பராமரிப்பு நிதி, பொதுநிதி எவ்வளவு என்று பெயரோடு அதில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு மாறும். கட்டடம் ஒழுகுகிறது என்றால் அதற்குப் பராமரிப்பு நிதி தனியாக இருக்கிறது. கூரை ஓடு மாற்றச் சாப்பாட்டுப் பணத்தை எடுக்க விடாதீர்கள்.

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டிய முக்கியமான ஆயுதம் வருகைப் பதிவேடு. நிறைய பகல்வீடுகளில் இது அரைகுறையாகக் கிடக்கிறது: மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எல்லா நாளும் நிரப்பப்பட்டிருக்கும். தணிக்கைக்கு வருபவர் அதைப் பார்த்தவுடன் செலவை ஏற்க மறுப்பார், பொறுப்பு நிர்வகண அதிகாரியின் தலையில் விழும். அடுத்த ஆண்டு அவரே ‘இந்தத் திட்டம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார். ஆகவே தினமும் பெயர், வந்த நேரம், சாப்பிட்டாரா, பிரஷர் பார்த்தால் அளவு, கையெழுத்து அல்லது ரேகை. பலசரக்குக் கடை பில்லைத் தேதிவாரியாக எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். சாப்பாடு நின்ற பிறகும் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். ஆள் வருகிறார்கள், சேவைதான் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அதை வைத்துக் கணக்குப் போடலாம். இருபது பேர், மாதம் 25 நாள், ஆளுக்கு 40 ரூபாய் என்று வைத்தால் மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். விலையை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளத்தைத் தனிச் செலவாகக் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் வெட்டும்போது சம்பளம்தான் முதலில் போகும்.

பாலியேட்டிவ் விஷயம் இதைவிட அவசரம். 2008-இல் இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்ட மாநிலம் கேரளம், இந்தியாவில் முதலில் செய்ததும் இதுதான். அதன் முதுகெலும்பு வீட்டுக்கு வரும் நர்ஸ்தான். சிறுநீர்க் குழாய் போட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். சாதாரண ரப்பர் குழாயை நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். இரண்டு மாதம் விட்டால் உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், வயிறு உப்பும், காய்ச்சல் வரும். இராத்திரியில் ஜீப் பிடித்துப் பொள்ளாச்சிக்கு ஓட வேண்டியிருக்கும். நர்ஸ் வருவது குறைந்ததற்குக் காரணம் நர்ஸ் இல்லாததா, வண்டி வாடகை இல்லாததா என்று விசாரியுங்கள். வண்டிதான் என்றால் அது சின்னத் தொகை. அடுத்த திட்டம்வரை காத்திருக்காமல் பஞ்சாயத்து தன் சொந்த வருமானத்திலிருந்து கொடுக்கக் கமிட்டியில் தீர்மானம் போடச் சொல்லலாம். குழாய் போட்டவர்கள், படுக்கைப் புண் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று வார்டுவாரியாக எண்ணிக்கை மட்டும் கொடுங்கள். பெயர்களைப் பொதுவில் வாசிக்க வேண்டாம்.

பகல்வீடு திட்டத்திலேயே இல்லை என்று தெரிந்தால், ஆண்டின் நடுவே திட்டத்தைத் திருத்தும்போது சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கு இப்போதே வேலை தொடங்க வேண்டும். வர்க்கிங் குரூப்பில் உங்களில் ஒருவர் இடம்பெற வேண்டும், உண்மையில் திட்டம் உருவாவது அங்கேதான். கிராம சபைக்கு வரும்போது பாதி முடிந்திருக்கும். ஆனாலும் கிராம சபையை விடக்கூடாது. வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். ஆயிரத்து இருநூறு ஓட்டுள்ள வார்டில் நூற்றிருபது பேர். நீங்கள் வாங்க நினைக்கும் முந்நூறு கையெழுத்துக்காரர்களில் பாதிப்பேர் நேரில் வந்து உட்கார்ந்தால், அந்தத் தீர்மானத்துக்கு உள்ள பலம் மனுவுக்கு வராது.

அங்கே நம் தமிழ் வார்டுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்கிறேன். எல்லோரும் தமிழில் பேசுவார்கள், மினிட்ஸ் மலையாளத்தில் எழுதப்படும், படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். பிறகு பார்த்தால் பகல்வீடு அதில் இருக்காது. தீர்மானத்தை நீங்களே தமிழில் இரண்டு பிரதி எழுதி ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் வாங்குங்கள். குறையைத் தாய்மொழியில் எழுதித் தர அரசமைப்பின் 350-ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்து மினிட்ஸை வாசித்த பிறகே கையெழுத்து.

‘ஸ்பான்சர் பிடித்துத் தருகிறோம், சாப்பாடு நடக்கட்டும்’ என்று யாராவது வருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வேட்டி சேலை, ஒரு டிவி, நாற்காலி என்று வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாடச் சாப்பாட்டையும் சம்பளத்தையும் அவர்களிடம் விடாதீர்கள். ஸ்பான்சர் நடத்தும் ஒரு வருடத்தில் பஞ்சாயத்து தன் திட்டத்திலிருந்து அந்தச் செலவை அடித்துவிடும். ஸ்பான்சர் போன பிறகு அதைத் திரும்ப எழுதவைப்பது முதல்முறை எழுதவைத்ததைவிடக் கஷ்டம்.

பெரியவர்களுக்குப் பென்ஷன் பாக்கி இருந்தால் அதை இந்த மனுவோடு கலக்க வேண்டாம். அது வேறு கணக்கு, வேறு வாசல்.

பார்த்துக்கொள்ளும் அம்மாவின் மூன்று மாதச் சம்பளத்துக்கு, அவர் வேலை செய்த நாட்களின் பதிவை இந்த வாரமே தனியாக எழுதி, மூன்று பெரியவர்களின் கையெழுத்தோடு செக்ரட்டரியிடம் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். திட்ட எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.