தட்டைக் கொண்டுபோவது ஏன் மகள்?

கேள்வி: என் கணவர் குடிப்பவர். சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பலனில்லை. நான்கு மாதமாக அவருக்குத் தெரியாமல், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து, தினமும் இரவுச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறேன். குடித்த பிறகு இரண்டு முறை முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கிறது என்றார். இதயத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து குடியை வெகுவாகக் குறைத்துவிட்டார். நான் கொடுத்தால் சந்தேகப்படுவார் என்று 13 வயது மகள்தான் தட்டைக் கொண்டுபோகிறாள். சமர்த்துப் பெண், விஷயம் தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் மனத்தை அவருக்குத் தெரியாமல் திருப்பினால் குடும்பமே பிழைக்கும் என்றால் அதில் என்ன தவறு? என் தங்கை மட்டும் இது பாவம் என்கிறாள்.

பதில்: சகோதரி, குடிப்பவரோடு வாழ்வது எவ்வளவு கொடுமை என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பற்றித்தான் கேட்கிறேன். தட்டைக் கொண்டுபோவது ஏன் மகள்?

காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையை அவர் நம்பமாட்டார், அவள் கையை நம்புவார். இவ்வளவு சீரழிந்த பிறகும் அந்த மனிதரிடம் ஒரு நம்பிக்கை மிச்சமிருக்கிறது. அவரைக் கரையேற்ற உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு பிடி உண்டென்றால் அது அதுதான். அதைக் கொண்டே அவரை ஏமாற்றுகிறீர்கள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்ததை அந்தக் குழந்தை பார்த்திருக்கிறாள். காரணம் தெரிந்தும் பேசாமல் நின்றிருக்கிறாள். மறுநாள் மறுபடியும் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இதற்கா சமர்த்து என்று பெயர்? நாளை அவர் எழுந்திருக்காமல் போனால், கலந்தது அம்மா என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்ளப் போவதில்லை. கொடுத்தது என் கை என்றுதான் ஆயுள் முழுக்க நினைப்பாள்.

எழுந்திருக்காமல் போவது என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மது உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றும், பிறகு ஒரு நொதி அந்த நச்சைச் சிதைக்கும். டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்குகிறது. நச்சு வழக்கத்தைவிட 5 முதல் 10 மடங்கு வரை ஏறும். குடித்த 10 முதல் 30 நிமிடத்துக்குள் முகம் சிவக்கும், தலை தெறிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். கடுமையானால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாரடைப்பு, வலிப்பு, மரணம் வரை போகும். எவ்வளவு குடித்தாரோ அதைப் பொறுத்தது. அந்த அளவு உங்கள் கையில் இல்லை. அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்புத்தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கையே போட்டிருக்கிறார்கள்: போதையில் இருப்பவருக்கோ, முழு விவரம் தெரியாதவருக்கோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அவர் குடித்துவிட்டு வந்த இரவுகளிலும் உங்கள் வீட்டில் அந்தத் தட்டு போயிருக்கிறது, இல்லையா?

இதய நோயோ மனச்சிதைவோ உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. சர்க்கரை, வலிப்பு, கல்லீரல் கோளாறு இருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கல்லீரலையே இது பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும் முன்பும், 10 முதல் 14 நாள் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். நான்கு மாதத்தில் அவருக்கு ஒன்றுகூடச் செய்திருக்க வழியில்லை. வயிற்றுக் கோளாறு என்று போய் மருத்துவர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிக் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து புத்தி பேதலிக்கலாம். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் எந்த மருத்துவரும் அதை எழுதமாட்டார். மறைத்தது கணவரிடம் மட்டும் என்று நினைக்கிறீர்கள். அவரைக் காப்பாற்றக் கூடியவர்களிடமும் சேர்த்துத்தான் மறைத்திருக்கிறீர்கள்.

மனத்தைத் திருப்பினேன் என்கிறீர்களே, திருப்பவில்லை. இந்த மாத்திரை குடிக்கும் ஆசையைத் தொடுவதே இல்லை. காலையில் ஒருவர் தெரிந்தே இதை விழுங்குகிறார். இன்று குடித்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் மாலையில் அவர் கையைத் தடுக்கிறது. விழுங்கியது நிஜ மாத்திரையா, வெறும் மாவா என்று தெரியாமல் வைத்த ஆய்வுகளில் இதற்குப் பலன் தென்படவில்லை. தெரிந்து, வேண்டியவர் ஒருவர் கண்முன்னே விழுங்கியவர்களிடம் பலன் தெரிந்தது. நீங்கள் மருந்தைக் கொடுத்து, அதை மருந்தாக்குகிற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டீர்கள். அவர் குறைத்தது குடியை நினைத்து அல்ல, இல்லாத இதய நோய்க்குப் பயந்து. என்றைக்காவது ஒரு மருத்துவர் இதயம் நன்றாக இருக்கிறது என்றதும் அந்தப் பயம் போய்விடும். அன்று மாலை அவர் எங்கே போவார் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லதற்காகத்தானே என்று எல்லோரும்தான் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ., 1953இல் மனங்களைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியபோது நாட்டின் நன்மைக்கு என்றுதான் சொன்னது. அந்த நவம்பரில் ஃபிராங்க் ஓல்சன் என்ற விஞ்ஞானியின் பானத்தில் அவருக்குத் தெரியாமல் எல்.எஸ்.டி. என்ற மனமயக்க மருந்தைக் கலந்தார்கள். ஒன்பது நாளில் அவர் நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மருந்து கலந்த விஷயம் அவர் குடும்பத்துக்குத் தெரிய 22 ஆண்டுகள் ஆயின.

கணவரோடு சண்டை போடுங்கள். பணத்தைப் பூட்டிவையுங்கள். இனியும் குடித்தால் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவேன் என்று சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். இவையும் அவர் மனத்தை நெருக்குபவைதான். ஆனால் இவை அவர் கண்ணெதிரே நடக்கின்றன. அவர் மறுத்துப் பேசலாம், கோபப்படலாம், திருந்தலாம். பொடித்த மாத்திரைக்கு அவர் என்ன பதில் சொல்வார்? ஒரு மனைவிக்குக் கணவனைத் திருத்தும் கடமை உண்டென்று நம்புகிறவர்களில் நானும் சேர்த்தி. ஆனால் திருத்த வேண்டிய ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இன்றோடு மாத்திரையை நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஆபத்து போய்விடாது. முடங்கிய நொதியை உடல் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்கு 14 நாள் வரை ஆகலாம். அதுவரை ஒரு துளியும் ஆகாது, மது கலந்த இருமல் மருந்துகூட. அதனால்தான் நாள் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட வழியில்லை. நாளைக் காலை, அவர் தெளிவாக இருக்கும்போது, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசியாகக் கொடுத்த நேரம் நான்கையும் சொல்லுங்கள். உன் நன்மைக்குத்தான் என்று ஆரம்பிக்காதீர்கள். அடிக்கிறவர் என்றால் வீட்டில் வேண்டாம், மருத்துவர் அறையில் சொல்லுங்கள். இடையில் குடித்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனை. அதே நான்கு விவரத்தையும் அங்கேயும் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம் வரும், இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள்வாக்கில் சித்தப்பிரமைகூட வரலாம். நடுக்கம் கண்டாலே அழைத்துக்கொண்டு போங்கள்.

அவரே சிகிச்சைக்குச் சம்மதித்தால் ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன: நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இதே டைசல்ஃபிராமைக்கூட எழுதலாம். அப்போது காலையில் அதை அவர் கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்கும் வேலை உங்களுடையது. முடியாது என்று மறுத்தால் மறுக்கட்டும். பிறகு எப்படி வாழ்வது என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

மகளிடம் தனியாகப் பேசுங்கள். செய்தது அம்மா, உன் தப்பு எதுவும் இல்லை, அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன் என்று அவள் காதால் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று முடித்துவிடாதீர்கள். சித்தியிடமோ ஆசிரியரிடமோ சொல்லி அழவேண்டும் என்று தோன்றினால் அழட்டும்.

இன்று இரவுச் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.