ஸ்கீ பூட்ஸுக்குள் எந்த சாக்ஸ்? சேலத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ஏற்காடு மலைப்பாதைகளில் வாராவாரம் நடக்கும் நம் குழுவிலிருந்து சிலர் இந்தக் குளிர்காலத்தில் உத்தராகண்டின் ஔலிக்கும் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் பனிச்சறுக்கு (ஸ்கீ) பழகப் போகிறார்கள். அவர்கள் சாக்ஸ் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அஸ்தம்பட்டி: சேலத்து வெயிலுக்குப் பழகிய கால். பனியில் விறைத்துவிடாமல் இருக்க இரண்டு சாக்ஸ் போடலாமா?

கூடவே கூடாது. ஒரே ஒரு சாக்ஸ்தான், அதுவும் மெல்லியதாக. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். ஸ்கீ பூட்ஸின் வெளி ஓடு கெட்டி பிளாஸ்டிக். கேன்வாஸ் ஷூ மாதிரி விரிந்து கொடுக்காது. உள்ளே துணி கூடினால் நசுங்குவது கால்தான். பாதத்தின் மேற்புறம் ஓடும் ரத்தக்குழாய் அழுந்தும்; விரலுக்குப் போகும் ரத்தம் குறையும். விரலுக்குச் சூடு கொண்டுவருவதே அந்த ரத்தம்தான். அதோடு, கம்பளி சூடு காப்பது இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றால். நசுங்கிய கம்பளியில் காற்று ஏது? இரண்டு சாக்ஸ் ஒன்றின்மேல் ஒன்று நழுவி மடிப்பு விழுந்தால், ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தில் கொப்புளம் வந்துவிடும்.

அம்மாபேட்டை: திருப்பூர் பருத்தி சாக்ஸ் வீட்டில் டஜன் கணக்கில் இருக்கிறது. அதையே போடலாமா?

பள்ளிக்கும் ஆபீஸுக்கும் அருமையான சாக்ஸ். பனிக்கு ஆகாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஈரத்துணி காலின் சூட்டை இழுத்துவிடும். மெரினோ கம்பளியோடு நைலானும் கொஞ்சம் எலாஸ்டேனும் கலந்த சாக்ஸ் வாங்குங்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. நைலான் குதிகால் தேயாமல் காக்கும், எலாஸ்டேன் சுருங்கிப் பிடிக்கும். கம்பளி பட்டால் அரிக்கும் என்பவர்கள் பாலியஸ்டர், நைலான் கலவையில் ஸ்கீ சாக்ஸ் எடுக்கலாம். நாற்றம் சீக்கிரம் வரும், அவ்வளவே. லேபிளில் ‘காட்டன்’ என்ற சொல் முதலில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஏற்காடு: எஸ்டேட்டில் கம்பூட்ஸுக்குள் போடும் தடித்த கம்பளி சாக்ஸ் போதாதா?

கம்பூட்ஸில் இடம் தாராளம், அதனால் அங்கே அது சரி. ஸ்கீ பூட்ஸில் அந்த வரிப்பின்னல் ஒவ்வொன்றும் கணுக்காலில் தழும்பாகப் பதியும். டிரெக்கிங் சாக்ஸும் இதே காரணத்தால் வேண்டாம். அது பெரும்பாலும் பூட்ஸின் பாதி உயரத்திலேயே நின்றுவிடும், அந்த விளிம்பு கெண்டைக்காலில் அறுக்கும். உங்களுக்கு வேண்டியது பூட்ஸின் மேல் விளிம்பைத் தாண்டி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் சாக்ஸ். விரல் நுனியில் தையல் தட்டையாக இருக்க வேண்டும். நல்ல ஸ்கீ சாக்ஸில் இடது, வலது என்று குறித்திருப்பார்கள், மாற்றிப் போடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் நாள் முழுக்க மோதும், அங்கே மட்டும் மெல்லிய மெத்தை இருப்பது நல்லது.

அவசரத்துக்கு, பருத்தி கலக்காத கால்பந்து ஸ்டாக்கிங்ஸ் ஒரு நாள் தாங்கும்.

ஆத்தூர்: உள்ளே போடும் தெர்மல் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுவதா, மேலே விடுவதா?

இரண்டும் இல்லை. தெர்மல் பூட்ஸுக்குள்ளேயே போகக்கூடாது. முக்கால் நீளத் தெர்மல் வாங்குங்கள், அல்லது முழு நீளத்தை முழங்கால் வரை சுருட்டிவிடுங்கள். பூட்ஸுக்குள் தோல், அதன்மேல் ஒரு சாக்ஸ், வேறெதுவும் வேண்டாம்.

சூரமங்கலம்: மெட்டியும் கொலுசும் போட்டிருக்கிறேன். கழற்ற வேண்டுமா?

கழற்றித்தான் ஆக வேண்டும். மெட்டி பக்கத்து விரலில் அழுந்தும். கால் வீங்கினால் பிறகு கழற்றவும் வராது. கொலுசின் திருகு கணுக்கால் எலும்புக்கும் ஓட்டுக்கும் நடுவே மாட்டினால் நடக்கவே முடியாது. மெட்டியைப் பிரிய மனமில்லை என்றால் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளுங்கள். நகத்தையும் முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஐந்து ரோடு: வாடகை பூட்ஸ் லூசாக இருந்தால் தடித்த சாக்ஸால் சரிக்கட்டலாமா?

பூட்ஸை மாற்றுங்கள். சாக்ஸ் அளவைத் திருத்தாது. ஸ்கீ பூட்ஸின் அளவு என்பது பாத நீளம், சென்டிமீட்டரில். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், குதிகாலைச் சுவரில் ஒட்டி, எடையை அழுத்தி நின்று, நீண்ட விரல் வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 26.5 என்றால் 26.5 கேளுங்கள். பெரும்பாலான பூட்ஸில் 26-க்கும் 26.5-க்கும் வெளி ஓடு ஒன்றே.

கடைக்காரர் சம்மதித்தால் லைனரை, அதாவது ஓட்டுக்குள் இருக்கும் மெத்தையான உள் பூட்ஸை, உருவிவிட்டு வெறும் ஓட்டில் கால் விடுங்கள். விரல் முன்னால் தொட நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் பெரிது. பிறகு லைனரோடு, நீங்கள் போடப்போகும் அதே சாக்ஸில் போட்டுப் பாருங்கள்: குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு உட்கார வைத்து, முதலில் கணுக்காலுக்கு மேலுள்ள பக்கிள்கள், கடைசியில் விரல் பக்கத்தைத் தளர்வாக. நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் உரசும். முழங்காலை மடித்தால் பின்வாங்கும். அதுதான் சரியான அளவு. பலர் போட்டுப் போட்டு லைனர் தளர்ந்திருந்தால் மட்டும் நடுத்தரத் தடிமன் சாக்ஸ் பரவாயில்லை. கை விட்டுப் பார்த்து, லைனர் ஈரமாக இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள்.

குழந்தைகளுக்கும் இதே விதி. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிய பூட்ஸ் எடுத்து சாக்ஸ் திணிக்காதீர்கள். குதிகால் உள்ளே எழும்பினால் காலில் மாட்டிய ஸ்கீ பலகை சொன்ன பேச்சைக் கேட்காது.

ஓமலூர்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. காலில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு.

முதலில் மருத்துவரிடம் காலைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அவர் சரி என்றாலும், மணிக்கொரு முறை பூட்ஸைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும். வலி உங்களுக்குச் சொல்லாது. இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸை அவர் எழுதிக்கொடுக்காமல் போடாதீர்கள்.

அஸ்தம்பட்டி, மறுபடியும்: சரியான சாக்ஸ் போட்டும் விரல் மரத்தால்?

விரல் பக்கத்து பக்கிளை அவிழ்த்து, காலை ஊஞ்சல் மாதிரி வேகமாக வீசுங்கள். பத்து நிமிடத்தில் உணர்ச்சி திரும்பாவிட்டால், அல்லது தோல் வெளுத்துத் தெரிந்தால், உடனே உள்ளே போய்விடுங்கள். பனியால் தேய்ப்பதோ, கொதிநீரில் விடுவதோ, ஹீட்டரில் காட்டுவதோ கூடாது. மரத்த கால் வெந்தாலும் தெரியாது. உள்ளே துணைவர் கையிலோ அக்குளிலோ வைத்துச் சூடேற்றுங்கள். வெளுப்பும் மரப்பும் மாறாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பலருக்குக் காரணம் வேறாக இருக்கும்: விடுதியிலிருந்து ஜீப்பில் அதே சாக்ஸோடு வந்து, அது ஏற்கெனவே வியர்த்திருக்கும். ஸ்கீ சாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, பூட்ஸ் போடும் நிமிடத்தில் மாற்றுங்கள். ஏழு நாள் பயிற்சிக்கு மூன்று ஜோடி வேண்டும். இரவில் லைனரை உருவி, இன்சோலையும் எடுத்து, ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளிக் காயவிடுங்கள்.

கொண்டலாம்பட்டி: துவைப்பது எப்படி?

உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையான திரவ சோப்பில். ப்ளீச், கம்ஃபர்ட் வகையறா வேண்டாம். ப்ளீச் கம்பளியை அரித்துவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் படுக்க வைத்துக் காயப்போடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடிக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.